கமாண்டா, லைப்ரரியா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலையில் நல்ல டீம் அமைந்ததில் ரொம்ப மகிழ்ச்சி. எனக்கு அதே சர்வர்கள்தான். ராத்திரியில் எழுப்புவது மட்டும் குறைந்திருக்கிறது.

பேக்கப் டூலைத் தனியே ஓடும் கமாண்டாகவே விடுவதா, மற்ற புரோகிராம்கள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரியாக மாற்றுவதா என்று கேட்டிருந்தாய். லைப்ரரியாக்கு என்பேன், ஒரு பகுதியைத் தவிர.

1973-இல் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பைப், அதாவது ஒரு புரோகிராம் தருவதை அடுத்ததற்குள் அனுப்பும் வழி, வந்ததிலிருந்து சின்னச் சின்ன புரோகிராம்களைக் கோத்து வேலை வாங்குகிறோம். அந்த அழகில் எனக்கு இன்றும் மயக்கம் உண்டு. ஆனால் மனிதர் படிக்க அச்சிட்ட வரிகளை இன்னொரு புரோகிராம் படிக்கும்போதுதான் தொல்லை. லினக்ஸில் ஃபைல் பெயருக்குள் புதுவரி எழுத்துகூட வரலாம். ஃபைல் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டு தருவதை வரிவரியாகப் பிரிக்கும் ஸ்கிரிப்ட் அந்த ஒரு ஃபைலை இரண்டாக எண்ணிவிடும். லைப்ரரியில் இந்தப் பேச்சே இல்லை. பெயர் பெயராகவே கைக்கு வரும்.

பிறகு லைப்ரரியாக்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. புரோகிராம் கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) டூலைப் பார். பிழை வந்தால் செய்தியை அச்சிட்டுவிட்டு புரோகிராமையே முடித்துவிடும் ஃபங்ஷன் அதன் கோடு முழுக்க அழைக்கப்படுகிறது. கமாண்டுக்கு அது சரி. அதே கோடு ஒரு எடிட்டருக்குள் ஓடினால், சேமிக்காத வேலையோடு எடிட்டரும் போய்விடும். அதனால்தான் லிப்கிட்2 என்ற லைப்ரரியைத் தனியாக எழுத வேண்டி வந்தது. இணையத்தில் தகவலை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் 1998-இல் கமாண்டாக வந்தது, 2000-இலேயே அதன் லைப்ரரியான லிப்கர்லும் வந்துவிட்டது. இன்று கார், டிவி, போன் எல்லாவற்றிலும் ஓடுவது அந்த லைப்ரரிதான். கமாண்டு அதன் மேல் ஒரு மெல்லிய உறை.

சரி, எதைத் தனியாக விடுவது? லைப்ரரி என்றால் அதைச் சேர்த்த புரோகிராமோடு ஒரே மெமரி, ஒரே அதிகாரம். 2024-இல் ஃபைலைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரிக்குள் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தார்களே, அது தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வர் வரை போனது இப்படித்தான். அந்தச் சர்வர் தயாராகிவிட்டது என்று, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சாக்கெட் என்னும் தொடர்பு வழியில் ஒரு சின்னச் செய்தி போதும். அதற்காகச் சில டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸின் வெளியீட்டு வகைகள்) சிஸ்டம்டியின் லைப்ரரியைச் சேர்த்தன; அது எக்ஸ்இசட்டையும் கூடவே இழுத்து வந்தது. அந்தச் சர்வரோ ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓடுவது! நினைத்தால் இன்னும் எனக்குப் பதறுகிறது.

எனவே வெளியிலிருந்து வரும் ஆர்க்கைவை (பல ஃபைல்களைக் கட்டிய ஒரே ஃபைலை) பிரிக்கும் பகுதியைத் தனி பிராசஸாக, அதாவது தனியே ஓடும் புரோகிராமாக வை, அதற்கு நெட்வொர்க்கே தராதே. கெட்டுப்போன ஃபைலால் அது விழுந்தாலும் மற்றவை தொடர்ந்து ஓடும். ஆனால் ஃபைலுக்கு ஒரு பிராசஸ் என்று கிளப்பிவிடாதே. லட்சம் ஃபைல் இருந்தால் பிராசஸ் தொடங்குவதிலேயே நேரம் கரையும். ஒன்றைத் தொடங்கி எல்லாவற்றையும் அதற்கே அனுப்பு.

மீதியெல்லாம் லைப்ரரி. அது எதையும் அச்சிடக்கூடாது, தானாக வெளியேறக்கூடாது, பிழையைத் திருப்பித் தர வேண்டும்.

அப்புறம், கோடுக்கு முன்னால் லைப்ரரியின் ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெடர் ஃபைலை மட்டும் எழுதி அனுப்பு. வார இறுதியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்