ஜூன் மாசத்துக்கு டிசம்பர்லயே பைசா எடுத்து வைக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரம் பக்கத்துல இருந்து எழுதுறேன். நம்ம குமரி மாவட்டத்துல ஜூன் வந்தா எல்லாம் ஒண்ணா வந்து விழும். தென்மேற்கு மழை பிடிச்சா ரப்பர் பால் வெட்டு பாதி நாள் நிக்கும், மேற்குக் கடற்கரையில ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வர விசைப்படகுக்கு மீன்பிடி தடைக்காலம், அந்த நேரம் பாத்து பள்ளிக்கூடமும் திறக்கும், ஃபீஸ் யூனிஃபார்ம் நோட்டுன்னு செலவு வரிசை கட்டி நிக்கும். உடனே கழுத்துல கிடக்குறது பணயத்துக்கு போகும். இது திடீர்னு வர்ற கஷ்டம் இல்ல, வருசாவருசம் தேதி சொல்லிட்டு வருது, அதனாலதான் முன்கூட்டியே தயாராகலாம்னு அடிச்சு சொல்றேன்.

வாங்குற கூலியே பத்தல, இதுல எங்க மிச்சம் பிடிக்கன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா 50,000 ரூபாய்க்கு நகைய வச்சா வருசத்துக்கு 12 சதவீதம்னாலே மாசம் 500 ரூபா வட்டிக்கே போகுது, முதல் அப்படியே கிடக்கும். அதே 500ஐ போஸ்ட் ஆபீஸ் ஆர்டில, அதாவது மாசாமாசம் ஒரே தொகை கட்டுற சேமிப்புல போட்டா இப்ப உள்ள 6.7 சதவீத வட்டிக்கு 5 வருசத்துல 35,600க்கு மேல கிடைக்கும். வட்டி கட்ட முடியுற வீட்டால சேமிக்கவும் முடியும், முதல் வருசம் தான் கஷ்டம்.

மழைக்காலத்துல ஆர்டி எப்படி கட்டன்னு நிறைய பேர் பயப்படுறாங்க. அதுல முன்கூட்டியே கட்டலாம்ங்கற விசயம் பலருக்கு தெரியல. டிசம்பர் ஜனவரி பனியில பால் நல்லா வரும்போது 6 மாச தவணைய ஒண்ணா கட்டினா 500 ரூபா ஆர்டிக்கு 50 ரூபா தள்ளுபடி, 12 மாசம்னா 200 ரூபா தள்ளுபடி. ஒரு வருசம் கட்டி முடிச்சா அவசரத்துக்கு அதுல பாதி வர கடனும் எடுக்கலாம்.

எங்க தெருவுல பால் வெட்டப் போற ஒரு அக்கா சனிக்கிழமை கூலி வாங்கினதும் சந்தைக்குள்ள கால் வைக்கதுக்கு முன்னால போஸ்ட் ஆபீஸ் போயிடுவாங்க. ஆர்டி போக தனியா ஒரு சேமிப்பு கணக்கு, 500 ரூபா இருந்தா துடங்கலாம், அத ஜிபேல சேக்கவே இல்ல, ஏன்னா ஃபோன்ல இருந்தா கை சும்மா இருக்காதுன்னு சொல்றாங்க. மழைக்கால அரிசிக்கும் பிள்ளைக்கு ஃபீசுக்கும் அதுல இருந்துதான் எடுக்கிறாங்க, செயின் கழுத்துலயே இருக்கு. செலவு போக மிச்சத்த சேமிக்கலாம்னு நினைச்சா எந்த வீட்லயும் மிச்சம் வராது, எனக்கு அதுல சந்தேகமே இல்ல. பதிவு இல்லாத சீட்டுல போடுறவங்களும் இந்த போஸ்ட் ஆபீஸ் வழியக் கொஞ்சம் யோசிக்கணும்.

இருட்டோட டூவீலர்ல தோட்டத்துக்கு போறவங்க பேங்க்ல வருசம் 20 ரூபாய்க்கு கிடைக்கிற 2 லட்சம் விபத்து காப்பீட்டயும் கண்டிப்பா எடுக்கணும்.

அஞ்சல் துறை இந்த டிசம்பர்லயே தோட்டங்கள்லயும், கடற்கரை ஊர்கள்ல கோவில் சர்ச் வளாகத்துலயும் முகாம் போட்டு கணக்கு துடங்கி குடுக்கணும். உங்க பத்திரிகையும் ரப்பர் விலை போடுற பக்கத்துல வாரம் ஒருக்கா இந்த ஆர்டி, காப்பீடு விவரங்கள எளிய தமிழ்ல போட்டா, விலை பாக்குற எல்லாரு கண்ணுலயும் படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குலசேகரம்