கேமோடு ஹாஷையும் கொடுங்கள்: ரசிகர் கேம் உருவாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

பல வருடம் உழைத்து உருவாக்கிய கேமைக் காசே வாங்காமல் எல்லோருக்கும் தருகிறீர்கள். அந்த உழைப்பின் மேல் மரியாதை இருப்பதால்தான் இதைக் கேட்கிறேன். கேமை வெளியிடும் அன்றே அதன் SHA-256 ஹாஷையும் வெளியிடுங்கள். கோப்பிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை மாதிரி அது; கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷும் மாறிவிடும்.

2016 ஆகஸ்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நின்டெண்டோவின் மெட்ராய்ட் கேமை வைத்து அர்ஜென்டினாக்காரரான மில்டன் குவாஸ்தி செய்த ஏஎம்2ஆர் என்ற ரசிகர் கேம் 6ஆம் தேதி வெளியானது. நின்டெண்டோ தரப்பின் நோட்டீஸால் சில நாளிலேயே டவுன்லோடு இணைப்புகள் போய்விட்டன. அதே மாதம் போக்கிமான் யுரேனியம் என்ற ரசிகர் கேமும் சுமார் 15 லட்சம் டவுன்லோடுகளோடு நிறுத்தப்பட்டது. ஆனால் விளையாட ஆசைப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? பயனர்களே தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் டொரண்டில் தேடினார்கள்.

டொரண்ட் ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்துத்தான் இறக்குகிறது, அதனால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது சரிபார்ப்பது, டொரண்டைப் போட்டவர் வைத்த கோப்புதானா என்பதை மட்டும். நீங்கள் செய்த கோப்புதானா என்பது அதற்குத் தெரியாது. போட்டவர் உள்ளே வைரஸ் வைத்திருந்தால் அதுவும் ஒரு பிட் குறையாமல் வந்து சேரும்.

2023 ஜூனில் சைபிள் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மரியோ ஃபாரெவர் என்ற ரசிகர் கேமின் போலி இன்ஸ்டாலர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதில் உண்மையான கேமும் இருந்தது. கூடவே, நம் கணினியைப் பயன்படுத்தி மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனர் நிரலும், அம்ப்ரல் ஸ்டீலர் என்ற திருட்டு நிரலும் வந்தன. கேம் ஒழுங்காக ஓடினால் யாருக்குச் சந்தேகம் வரும்? பின்னணியில் பிரவுசர் பாஸ்வேர்டு, குக்கீ, டிஸ்கார்ட் அரட்டைக் கணக்கைத் திறக்கும் டோக்கன், கிரிப்டோ வாலட் எல்லாம் திருடுபோகும். லாகின் குக்கீ போய்விட்டால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே கணக்குக்குள் நுழைய முடியும். மரியோ விளையாடுவதில் எத்தனையோ பேர் சிறுவர்கள். கணினியோ பெரும்பாலும் அப்பா அம்மாவுடையது.

ஹாஷ் என்பது வெறும் 64 எழுத்து. அதில் கேமின் ஒரு துணுக்குகூடக் கிடையாது என்பதால் டவுன்லோடு இணைப்பு போனாலும் ஹாஷ் அங்கேயே இருக்கலாம். உங்கள் தளம், யூடியூப் வீடியோவின் விவரப் பகுதி, சமூக ஊடகம் என நாலு இடத்தில் போட்டு வையுங்கள். விண்டோஸில் கட்டளைகள் தட்டச்சு செய்யும் பவர்ஷெல்லின் ஒரே கட்டளையால், இறக்கிய கோப்பின் ஹாஷை எடுத்து, நீங்கள் போட்டதோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பமில்லாத கோப்பை ஆன்டிவைரஸ் சில நேரம் தவறாகப் பிடிப்பது உண்மைதான். ஆனால் போலி இன்ஸ்டாலர் செய்பவனுக்கு வேண்டியதும் அதே வரிதான்.

ஏற்கெனவே அகற்றப்பட்ட கேம்களை உருவாக்கியவர்களே, மூலப் பிரதி உங்களிடம் இருக்கும் அல்லவா? அதன் ஹாஷை இன்றைக்கே போடலாம்.

அன்புடன்,
உங்கள் கேம்களை விளையாடும் ஒருவர்