அரத்தைக் கீழே வை, மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்கு,

கிட்டார்க் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) நடுவே மரத்தைக் குழிக்க உருட்டு அரமும் உப்புத்தாளும் வாங்கி வைத்திருக்கிறாயாமே. "நல்ல கிட்டாரைப் போய் ராவப் போறேங்கிறான், நீயாவது சொல்லுடா" என்று உன் அம்மா நேற்று போனில் ஒரே புலம்பல். யாரைப் பார்த்து வந்த ஆசை என்று கேட்கவே வேண்டாம், ஸ்வீடன் கிட்டார்க்காரர் யிங்வி மால்ம்ஸ்டீன்தானே? முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே வேலையைச் செய்து ஒரு கிட்டாரைப் பாழாக்கியவன் நான். அதனால் சொல்கிறேன், இந்த வாரம் அரத்தைத் தொடாதே. 1984-இல் வந்த அவருடைய 'ரைசிங் ஃபோர்ஸ்' ஆல்பத்தை உட்கார்ந்து முழுசாகக் கேள்.

"கேட்டாச்சு மாமா, செம ஸ்பீடு" என்பாய். உன்னோடு எனக்குச் சண்டையே அங்கேதான்.

முதல் பாட்டு 'பிளாக் ஸ்டார்', அதில் வேகமான இடங்கள் வரும்போதெல்லாம் காதை மூடிக்கொள், பரவாயில்லை. மின்சாரம் இல்லாத கிட்டாரில் அமைதியாக ஆரம்பித்து அப்புறம் அந்த மெலடி வரும் பார், அதில் நீட்டிப் பிடிக்கிற சுரங்களை மட்டும் கவனி. ஒரு சுரத்தில் போய் நின்று, அவசரமே இல்லாமல் அகலமாக அசைக்கிறார், அந்த அசைவு கிட்டார்க்காரனுடையது அல்ல, வயலின்காரனுடையது. வயலின் மேதை பாகனினியைக் கேட்டு மயங்கிய ஆள் அல்லவா. இருபது வயசுப் பையன் ஒருவன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரில் இதைச் செய்திருக்கிறான் என்பது இன்றைக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நீ செய்யப் போகிற குழிக்கு வேலை இங்கேதான். சின்ன வயதில் ஸ்டாக்ஹோமில் ஓர் இசைக்கருவிப் பட்டறையில் வேலை பார்த்தபோது, மெட்டுகளுக்கு நடுவே மரம் குழிந்த பழைய லூட் என்ற தந்திவாத்தியம் ஒன்றைப் பார்த்ததாகவும், அதையே தன் கிட்டாரில் செய்து பார்த்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். மரம் குழிந்திருந்தால் விரல்நுனி பலகையில் உரசாது, கம்பியை அடியோடு பிடித்து இழுக்கலாம், ஆட்டலாம். வீணையில் மெழுகுக்கு மேலே மெட்டு உயர்ந்து நிற்பதும் கமகத்துக்குத்தானே. நம் இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த கிட்டாரும் இப்படிக் குழித்ததுதான். குழித்தால் வேகம் வரும் என்று உனக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. அந்தக் கழுத்துக்கு விரல் இலேசாக இருக்க வேண்டும், கொஞ்சம் அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். என் விரல் கனம், பிடித்த கார்டு எல்லாம் அபசுரம். போதாக்குறைக்கு அரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு குழி ஆழமாகவும் பக்கத்துக் குழி மேலாகவும் போய்விட்டது. ராவிய மரம் திரும்பி வருமா?

சரி, ஆல்பத்துக்கு வருவோம். எட்டில் ஆறு பாட்டில் குரலே கிடையாது. குரல் வருகிற இரண்டும் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை, ஜெஃப் ஸ்காட் சோட்டோ நன்றாகத்தான் பாடுகிறார், ஆனாலும் கிட்டார் எப்போது திரும்பி வரும் என்றே மனசு காத்திருக்கும். 'ஃபார் பியாண்ட் த சன்' அப்படியல்ல. யென்ஸ் யோஹான்சனின் கீபோர்டும் கிட்டாரும் மாறி மாறிக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் இடம், கச்சேரியில் தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மோதுவது மாதிரி. டிரம்ஸ் ஜெத்ரோ டல் ராக் குழுவில் இருந்த பாரிமோர் பார்லோ, பேஸ் மால்ம்ஸ்டீனே. 'இகாரஸ் டிரீம் சூட்' பழைய இத்தாலிய இசைக்காரர் அல்பினோனி பெயரில் வழங்கும் அடாஜியோ என்ற நிதானமான இசையில் தொடங்குகிறது, அதை இரவில் கேள்.

இன்னொன்று. அவர் விடாமல் பிடித்திருக்கும் ஹார்மோனிக் மைனர் என்ற சுர வரிசை நம் கீரவாணி ராகமேதான். அதன் பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்தால் வகுளாபரணம், அந்த நிறமும் ஆல்பம் முழுக்க உண்டு. உன் பாட்டி ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "கீரவாணியை ஏன்டா இப்படி விரட்டுறான்?" என்றாள். பின்னால் வந்த பல ஆல்பங்களைக் கேட்கும்போது பாட்டி சொன்னது சரி என்றே தோன்றும். இதில் மட்டும் நான் அவள் கட்சி இல்லை.

நான் ராவிய அந்தக் கிட்டார் இன்னும் பரண்மேல்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா, புதுக் கம்பி போட்டு வைக்கிறேன். அதில் சாதாரண ஒரு ஈ மைனர் கார்டைப் பிடித்துச் சுருதி சேர்கிறதா பார். அதுவரை அரத்தை ஒளித்து வைக்கச் சொல்லி உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், தேடாதே.

உன் மாமா