ஒன்பது நிமிஷ மிச்சம்

வெட்டூர்ணிமடம்,
ஞாயிறு மதியம்.

மக்கா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கோபம். பிடித்த ஐந்து ராக் ஆல்பத்தை வரிசையாக எழுது என்றால், மூன்றாவதாக ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாய். மஸ்கட் வெயில் மண்டைக்குள் இறங்கிவிட்டதா? இரு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. சாரல் விட்டு விட்டு அடிக்கிறது. திற்பரப்பில் தண்ணீர் கூடிப்போனதால் இரண்டு நாளாக யாரையும் குளிக்க விடவில்லை. உங்க அம்மையைச் செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்து, இப்போது பேப்பரில் மரண அறிவிப்பு வரைக்கும் வாசித்து, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று எனக்கே சொல்கிறார்கள். மரச்சீனியும் நெத்திலிக் கறியும் தின்ன வைத்துத்தான் அனுப்பினார்கள். உன்மேல் ஒரு புகாரும் உண்டு, அதை நீயே போன் போட்டுக் கேட்டுக்கொள். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. காதும் கொஞ்சம் மந்தம். குக்கர் விசில் எத்தனை அடித்தது என்று வீட்டில் கேட்டால் நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கினோம். குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்த அந்த டூ-இன்-ஒன் ரேடியோ காசட் செட்டு ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இறங்கியது. கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய காசட். முதலில் ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தேன். ஒன்றரை மாதம் வைத்திருந்துவிட்டு, ‘இதெல்லாம் ஆக்கர் கடைக்குப் போடுகிற சாதனம்’ என்று திருப்பித் தந்தான். கொடுக்கும்போது இருந்த ஏரியல் வாங்கும்போது இல்லை. அப்புறம் கோட்டாறில் ஒரு வயசான மெக்கானிக் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மனுஷன் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகி, தார் மாதிரி கப்பியில் ஒட்டிக்கிடந்தது. அதை ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுப் பஞ்சால் துடைத்தே அரை மணி நேரம். ‘இப்போ என்கிட்ட காசட் செட்டு கொண்டு வாறது ரெண்டே ஆளுதான். ஒண்ணு நீங்க, இன்னொண்ணு ஒரு வில்லுப்பாட்டுக்காரர்’ என்றார். அந்தப் பாட்டுக்காரர் தன் ஆசான் பாடியதையெல்லாம் டேப்பில் பிடித்து வைத்திருக்கிறாராம். அவருக்கு ஆசான், நமக்கு டீப் பர்ப்பிள் ராக் குழு.

எந்தக் காசட்டை முதலில் போட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு மையில் எழுதிய அந்த சி-60, ஒரு மணி நேரக் காசட். மிருகக்காட்சி சாலை பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் பொய் சொல்லி, 1986ல் திருவனந்தபுரம் போய் ஆளுக்குப் பாதிக் காசு போட்டுப் பதிவு செய்து வாங்கினோமே, அதேதான். ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்ற ஆல்பம் பேரில், ‘வேர்’ என்ற சொல்லில் ஒரு ஹெச்சைக் கூடுதலாகச் செருகி அந்தக் கடைச் சேட்டன் எழுதிய எழுத்து இன்னும் மங்கவில்லை. டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம். பென்சிலைக் காசட்டின் சக்கரப் பல்லில் கொடுத்து முழுசாக ஒரு சுற்று சுற்றி, மெல்லிய துணியால் துடைத்துவிட்டுத்தான் போட்டேன். முதல் அரை நிமிஷம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அப்புறம் தெளிந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் காசட் ஒரு கணக்கு, மக்கா. பிங்க் ஃப்ளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ எல்.பி. இசைத்தட்டின் முதல் பக்கம் ஏறக்குறைய 21 நிமிஷம், இரண்டாவது 23. சி-60ல் பக்கத்துக்கு 30. ஆக ஏ பக்கத்தில் ஒன்பது நிமிஷம் மிச்சம், பி பக்கத்தில் ஏழு. நாடாவைக் காலியாக விட அந்தச் சேட்டனுக்கு மனசு வரவில்லை. ‘வெல்கம் டு தி மெஷின்’ முடிந்ததும் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ போட்டார். அது ஐந்தரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி. அதனால் டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் அதற்கு அடுத்ததாக வரும் ‘லேஸி’யைத் தொடங்கிவிட்டார், நாடா தீர்ந்த இடத்தில் அது டக்கென்று நின்றது. பி பக்கத்து ஏழு நிமிஷத்துக்குச் சரியாகப் பொருந்துகிற பாட்டு எது? ஆறரை நிமிஷ ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’.

இப்போது உன் மூன்றாவது இடத்துக்கு வருவோம். அந்த ஆல்பத்தில் மிச்சமிருக்கும் பாட்டுகளில் நாலுக்குப் பேர் சொல். பார்க்காமல் சொல்ல வேண்டும், போனைத் தொடக்கூடாது. உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். உனக்குப் பிடித்தது ஆல்பம் இல்லை, ஃப்ளாய்ட் அடங்கிய நிசப்தத்தில் திடீரென்று வந்து விழுகிற அந்த ஒரு கிட்டார். அந்த நிசப்தம் ஈகிள்ஸ் கொடுத்தது இல்லை.

உன்னை மட்டும் சொல்வானேன். நாற்பது வருஷமாக ‘மெஷின் ஹெட்’டுக்காகச் சண்டை போட்டவன் நான். எதை வைத்து? ஒன்றரைப் பாட்டை வைத்து. முழு ஆல்பத்தை சிடி வாங்கித்தான் கேட்டேன், அதற்குள் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, மாற்ற மனசில்லை. போன வாரம் உட்கார்ந்து ஏழு பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். ‘ஹைவே ஸ்டார்’ இன்னமும் ரத்தத்தைச் சூடாக்குகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘நெவர் பிஃபோர்’ என்ற பாட்டைத்தான் அவர்கள் முதல் சிங்கிளாக வெளியிட்டார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கையில் வைரத்தை வைத்துக்கொண்டு கூழாங்கல்லைக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த ஆல்பம் உருவான கதை மட்டும் எனக்கு அலுக்கவே அலுக்காது. சுவிட்சர்லாந்தில் மாண்ட்ரூ ஊர் கஸினோவில் பதிவு செய்வதாக ஏற்பாடு. 1971 டிசம்பர் 4 அன்று அங்கே ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடக்கும்போது எவனோ கூரையைப் பார்த்து ஃபிளேர் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்து போனது. ஏரிமேல் பரவிய புகைதான் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டு என்பது நமக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகுதான் ருசி. குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் நடைபாதையில் உட்கார்ந்து வாசித்தார்கள். ரெக்கார்டிங் மிஷின் வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் வண்டியில். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறை, பால்கனி என்று எதை எதையோ தாண்டி வண்டிக்குப் போக வேண்டும். அலுத்துப்போய், போகிறதையே விட்டுவிட்டார்கள். வாசித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டு நோண்டியிருந்தால் அந்தத் துணிச்சல் இருந்திருக்காது என்பது என் கட்சி.

உன் இரண்டாவது இடமான, லெட் ஸெப்பலின் குழுவின் நாலாவது ஆல்பத்துக்கு நான் எதிர்ப்பு இல்லை. 1971ல் உறையில் பேரே போடாமல் ஒரு ஆல்பத்தை விற்கத் திமிர் வேண்டும். அதில் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ டிரம்ஸ் சத்தம் எப்படி வந்தது என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், மாடிப்படி ஏறும் கூடத்தின் அடியில் ஜான் பான்ஹாமை உட்கார வைத்து, மைக்கை மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். அவள் நம்பவில்லை. உடனே நம்ம மாடிப்படிக்கு அடியில் அலுமினியக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு நான் தட்ட, அவளை மேல்படியில் நின்று கேட்கச் சொன்னேன். சத்தம் நன்றாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார்.

முதலிடத்தில்தான் தகராறு. அதே ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1988 வரைக்குமே எழுநூறு வாரத்துக்கு மேல் அமெரிக்கப் பட்டியலில் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். இருந்துவிட்டுப் போகட்டும். அதிகம் விற்கிறதுதான் நல்லது என்றால் நாம் மட்டிப்பழத்தை விட்டுவிட்டு ரொபஸ்டாதான் தின்ன வேண்டும். அந்த ஆல்பத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் அதன் குறை. எல்லாம் அளந்து வெட்டி இழைத்த தச்சு வேலை. அதில் என்னை இன்றைக்கும் அசைக்கிறது கிளேர் டோரி என்ற பெண்ணின் குரல் ஒன்றுதான். சொல்லே இல்லாமல் ஒரு ஒப்பாரி. ஞாயிற்றுக்கிழமை வந்து பாடிவிட்டு 30 பவுண்டு கூலி வாங்கிக்கொண்டு போனவள். பாட்டில் அவளுக்கும் பங்கு உண்டு என்று பேர் போட, வழக்குப் போட்டு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் ஓட்டை மாற்றிக்கொண்டேன், மக்கா. ‘விஷ் யூ வேர் ஹியர்’ முதலாவது, ‘மெஷின் ஹெட்’ இரண்டாவது. நீ ஜெயித்துவிட்டாய் என்று துள்ளாதே, உன் கட்சி ‘டார்க் சைட்’. இதற்குக் காரணம் ஒரு ஆள்.

திங்கள்நகர் போக வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். முடியெல்லாம் கொட்டி, மெலிந்து, காதில் மிஷின் வைத்த ஒருவர் பக்கத்தில் வந்து, ‘என்னடே, கிட்டாரு இருக்கா, வித்தாச்சா?’ என்றார். யாரென்று தெரியவில்லை. தெரிந்த மாதிரி சிரித்து வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடது கை விரலை மட்டும் காற்றில் நாலு இடத்தில் வைத்துக் காட்டினார். டிங், டிங், டிங், டிங். ‘ஷைன் ஆன்’ பாட்டின் அந்த நாலு சுரம்! நம்ம சர்ச் குவயர் அண்ணன், மக்கா. ஞாயிறு ஆராதனை முடிந்து, சபை ஐயர் போன பிறகு, கடைசி பெஞ்சில் உட்கார வைத்து நமக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அவர்தான். எத்தனை வருஷம் அவர் வீட்டில் சாயா குடித்திருக்கிறோம். எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அந்தப் பாட்டுக்கும் இப்படியொரு சங்கதி உண்டே. ஃப்ளாய்டைத் தொடங்கிய சிட் பாரெட் மனசு கலங்கி 1968ல் விலகிப் போனார். 1975 ஜூனில், அவரை நினைத்து எழுதிய அதே பாட்டுக்கான வேலை ஆபி ரோட் ஸ்டூடியோவில் நடந்துகொண்டிருக்கும்போது, தலையும் புருவமும் மழித்த ஒரு தடித்த ஆள் உள்ளே வந்து நிற்கிறார். கூட வாசித்தவர்களுக்கே கொஞ்ச நேரம் ஆள் பிடிபடவில்லை. இதை நூறு தடவை படித்திருக்கிறேன். கூட இருந்தவனை எப்படித் தெரியாமல் போகும், கதை கட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு திங்கள்நகர் பஸ் இரண்டைப் போகவிட்டேன்.

அண்ணனிடம் நம் தகராறைச் சொல்லித் தீர்ப்புக் கேட்டேன். ‘நீங்க ரெண்டு பேரும் இன்னும் இதைத்தான் பேசுறியளா?’ என்று சிரித்துவிட்டு, ‘1969ல பீட்டில்ஸ் ஆபி ரோட் போட்டான். அதோட தீர்ந்தது. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் சத்தம்’ என்றார். நமக்கு ஃப்ளாய்டைச் சொல்லிக் கொடுத்த மனுஷன்! காதில் மிஷின் வைத்த பிறகு சிம்பல் சத்தமெல்லாம் தகரம் மாதிரி கேட்கிறதாம், அதனால் இப்போது பாட்டுக் கேட்பதில்லை, ஞாபகத்தில் இருப்பதே போதும் என்கிறார். நீ வரும்போது மூவரும் உட்காருவதாகப் பேச்சு. மயினியையும் கூட்டிக்கொண்டு வா, டிசம்பர் என்றால் கோட்டாறு திருவிழாவும் பார்க்கலாம்.

ஒரு சின்ன விஷயம். மகள் அவள் போனில் ‘விஷ் யூ வேர் ஹியர்’ முழுசாகப் போட்டுத் தந்தாள். ‘வெல்கம் டு தி மெஷின்’ முடிந்ததும் நேராக ‘ஹேவ் எ சிகார்’ வந்துவிட்டது. இருட்டில் படி இறங்கும்போது ஒரு படி குறைவாக இருந்தால் கால் எப்படித் தடுமாறும், அப்படி இருந்தது. நான் பாட்டை நிறுத்தி, ‘ஸ்மோக் ஆன் தி வாட்ட’ரைத் தேடிப் போட்டு, பிறகு ‘லேஸி’யையும் போட்டேன். டக்கென்று நிற்கும் இடம் வந்தது. நிற்கவில்லை. நாலு நிமிஷத்துக்கும் மேல் வாத்தியமாகவே போய், அப்புறம் இயன் கில்லன் பாட ஆரம்பிக்கிறார்.

ஞாபகம் இருக்கிறதா? அது பாட்டே இல்லாத வெறும் வாத்தியம் என்று நீயும், பாட்டு இருக்கிறது என்று நானும் பந்தயம் கட்டினோம். ஆளுக்கு ஒரு பிளேட் ரசவடை. சிடி வந்த காலத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் அப்போது நீ விமானம் ஏறியிருந்தாய். இப்போது ஒரு பிளேட்டில் எத்தனை வைக்கிறார்கள், என்ன விலை என்று செட்டிகுளம் பக்கம் விசாரித்து வைத்திருக்கிறேன். வட்டி வேண்டாம், அண்ணனுக்கும் சேர்த்து இரண்டு பிளேட்டாக வாங்கிக் கொடு.

உன்,
வெட்டூர்ணிமடத்துக்காரன்