மேலூர் சித்தப்பாவுக்கு ஒரு சிபாரிசு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"தெரியாத எழுத்தாளன் புஸ்தகத்த எடுக்கிறதும் ஒண்ணுதேன், தெரியாதவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுறதும் ஒண்ணுதேன்" என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னீர்கள். இருக்கட்டும். வில்கி காலின்ஸ் என்பவருக்கு நான் ஜாமீன்.

நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் சும்மா உருவிப் பார்த்த புத்தகம், அவர் எழுதிய 'தி வுமன் இன் ஒயிட்' என்கிற இங்கிலீஷ் நாவல். ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. 1859 நவம்பரில் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் ஆரம்பித்து மறு ஆகஸ்டில் முடிந்த தொடர்கதை. 'தொடரும்' போட வேண்டிய இடம் தெரிந்த மனுஷன். தொடக்கத்திலேயே, நள்ளிரவில் லண்டன் போகும் சாலையில் வெள்ளை உடுத்திய ஒருத்தி கதாநாயகன் தோளைத் தொடுகிறாள். அதற்குப் பிறகு ஓவிய வகுப்பு, காதல் என்று கொஞ்சம் இழுவை. பொறுத்துக்கொள்ளுங்கள், ஃபோஸ்கோ வருவார்.

கவுண்ட் ஃபோஸ்கோ என்கிற இத்தாலியப் பிரபு. அறுபதை நெருங்கிய வயது, பெருத்த உடம்பு, சத்தமே வராத நடை. வளர்க்கிற வெள்ளெலிகளைச் சட்டைமேல் ஓடவிட்டுக் கொஞ்சுவார். இனிப்பு என்றால் உயிர். ஒருவரிடமும் குரல் உயர்த்தமாட்டார். நம் மாத நாவல் வில்லன்கள் பல்லைக் கடித்துக்கொண்டே திரிவார்கள். இவரோ பெண்களுக்கு மரியாதை கொடுத்தே காரியம் பார்க்கிறார். தங்கையைக் காப்பாற்ற நிற்கும் மேரியன், ஒரு ராத்திரி தாழ்வாரக் கூரையில் பதுங்கி மழையில் நனைந்தபடி சதியை ஒட்டுக்கேட்கிறாள். காய்ச்சலோடு அதை டைரியில் எழுதுகிறாள். எழுத்து தடுமாறி நின்றுபோகிறது. அடுத்த பத்தி ஃபோஸ்கோ எழுதியது! முழுக்கப் படித்துவிட்டு, அவள் புத்திசாலித்தனத்தை மனசாரப் பாராட்டி எழுதியிருக்கிறார். ஃபேன் காற்றிலும் எனக்கு முதுகு வேர்த்துவிட்டது.

அந்த மேரியனுக்கு மீசை அரும்பியதுபோல் முகம் என்று காலின்ஸ் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. சித்தி படித்தால் அங்கேயே மூடிவைத்துவிடுவார்.

ஆனால் உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது, சித்தப்பா. காலின்ஸ் சட்டம் படித்து 1851-ல் வக்கீலாகத் தகுதி பெற்றவர். கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல ஆளுக்கொரு பகுதியாகக் கதையைச் சொல்லவைக்கிறார். அவரவர் பார்த்தது, கேட்டது மட்டும். நல்லவர்கள் கையில் பணமும் இல்லை, ஆள்பலமும் இல்லை. காகிதங்களைப் புரட்டித்தான் ஜெயிக்க வேண்டும். சர்வீஸ் முழுக்கச் சார்பதிவாளர் ஆபீசில் அடித்தல் திருத்தல் பார்த்துக் கண் பழுத்தவர் நீங்கள். இதில் ஒரு சர்ச்சின் கல்யாணப் பதிவேடு வருகிறது, ஓர் இறப்புச் சான்றிதழின் தேதி வருகிறது. இதற்குமேல் சொன்னால் திட்டுவீர்கள்.

இங்கிலீஷ் கொஞ்சம் பழசு. பழைய பத்திரங்களைப் படித்த உங்களுக்கு அது ஒன்றுமேயில்லை. உங்களுக்கென்று ஒரு பிரதி வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிறேன். பதிவேட்டில் என்ன தில்லுமுல்லு என்பதைக் கதாநாயகனுக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்தால், அடுத்த பொங்கல் வரைக்கும் உங்கள் மாத நாவல் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்