டென்ட் ஒழுகுது என்று சொன்ன மகளுக்கு

அன்பு அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். நாமக்கல்லில் சித்திரை வெயில் ஆரம்பித்துவிட்டது. மாடியில் போட்ட துணி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. மெல்பர்னில் உங்களுக்குக் குளிர் தொடங்குகிற நேரம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு முகத்தில் தண்ணீர் சொட்டி விழித்துக்கொண்டாய் என்றாய். வண்டிக் கூரைமேல் விரித்துப் படுக்கிற அந்த டென்ட்டை வாங்கிய கடையில் கேட்டதற்கு எல்லாத் தையலிலும் பசை தடவச் சொன்னார்களாம், மாப்பிள்ளையும் இரண்டு டியூப் வாங்கி வைத்துவிட்டாராம். அந்த டியூபை இன்னும் திறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லு. போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. எழுத்தாக இருந்தால் வண்டியிலேயே போட்டு வைத்துக்கொள்வாய்.

அன்று மழை பெய்ததா என்று கேட்டேன். இல்லை, நட்சத்திரமெல்லாம் தெரிந்தது என்றாய். அப்படியென்றால் அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை சாமி. அது உங்கள் இரண்டு பேருடைய மூச்சு.

இட்லி வெந்ததும் பானை மூடியைத் திருப்பிப் பார். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். டென்ட்டிலும் அதேதான் நடக்கிறது. இரண்டு பேர் விடிய விடிய மூச்சு விட்டால் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. வெளியே குளிரில் துணி சில்லென்று இருக்கிறது, சூடான மூச்சு அதில் பட்டதும் நீராகி நிற்கிறது. குளிருகிறது என்று எல்லா ஜன்னலையும் ஜிப் போட்டு மூடிவிட்டீர்கள். பானை மூடி இன்னும் இறுக்கமாகிவிட்டது. தையல் முழுக்கப் பசை தடவியிருந்தாலும் அடுத்த வாரம் அதே இடத்தில் சொட்டியிருக்கும்.

இதை நான் போன வருஷமே பார்த்தேன். ஜூன் மாதம் கிராம்பியன்ஸ் மலையடிவாரத்தில் ஹால்ஸ் கேப் போனோமே, அன்று ராத்திரி நானும் மாப்பிள்ளையும் வண்டிக்கு மேலே படுத்தோம், நீயும் அம்மாவும் கேபினில் படுத்தீர்கள். காலையில் நீங்கள் கங்காருக்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பலகை முழுக்க வியர்த்திருந்தது. உள்ளங்கையை வைத்தால் கை அச்சு அப்படியே விழுந்தது. என் துண்டால் துடைத்துப் பிழிந்தேன், சொட்டுச் சொட்டாகக் கொட்டியது. உடம்புச் சூட்டில் கிளம்புகிற ஈரம் மெத்தை வழியாக இறங்கி, கீழே குளிர்ந்து கிடக்கிற பலகையில் நின்றுவிடுகிறது. சந்தோஷமாக வந்த இடத்தில் குறை சொல்ல வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

இனிமேல் எவ்வளவு குளிராக இருந்தாலும் எதிரெதிராக இரண்டு ஜன்னலை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து வையுங்கள். ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரத்திலும் இருந்தால் நல்லது. நனைந்த சட்டை, சாக்ஸ், ஷூ எதுவும் உள்ளே வேண்டாம். குளிருக்குப் போர்வையைக் கூட்டிக்கொள்ளலாம், காற்றை அடைக்கக் கூடாது. மெத்தைக்கு அடியில் போடுவதற்கென்றே வலைப்பின்னல் மாதிரி ஒரு பாய் விற்கிறார்கள், ஒரு விரல் கனம் இருக்கும். அதைப் போட்டால் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே காற்று ஓடும். காலையில் மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் டீ போடப் போங்கள்.

இன்னொன்று. கதகதப்புக்காக உள்ளே கேஸ் அடுப்போ, கேஸ் ஹீட்டரோ, கரியோ எந்தக் காரணத்துக்கும் பற்ற வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்களை எழுப்பாது. மூடின துணிக்குள் அது ஆளைக் கொன்றுவிடும். இதில் மட்டும் அப்பா சொன்னதை அப்படியே கேட்டுக்கொள்.

சரி, மழை நாளிலும் ஒழுகினால்? அப்போதும் பசைக்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. பகலில் வீட்டு முற்றத்தில் டென்ட்டை விரித்து, மாப்பிள்ளையை டார்ச்சோடு உள்ளே உட்காரச் சொல்லு. நீ ஹோஸ் பைப்பால் கீழிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறு. ஒவ்வொரு தையலிலும் இரண்டு மூன்று நிமிஷம் தண்ணீர் பிடி. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்துபோய் எது ஓட்டை என்று தெரியாது. எந்த இடத்தில் உள்ளே கசிகிறதோ அங்கே சாக்பீஸால் குறி வைத்து, காய்ந்த பிறகு அந்த இடத்துக்கு மட்டும் பசை தடவினால் போதும்.

35 வருஷமாக லாரிக்குப் படுதா தைத்தவன் என்பதால் தையலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டைதான். பருத்தி கலந்த கேன்வாஸில் அந்த ஓட்டையை அடைப்பது நூல். உள்ளே பாலியஸ்டரும் மேலே பருத்தியும் சுற்றிய நூலில் தைத்திருந்தால், தண்ணீர் பட்டதும் பருத்தி ஊதி ஓட்டையை நிறைத்துக்கொள்ளும். அதனால்தான் புதுக் கேன்வாஸை முதலில் நன்றாக நனைத்து, நிழல் காற்றில் முழுசாகக் காயவிட்டு, மறுபடியும் நனைத்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்யச் சொல்வார்கள். நீங்கள் வாங்கிய வாரமே மலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். ஹோஸ் சோதனையோடு அதையும் இப்போது செய்துவிடுங்கள். தையலில் வருகிற கசிவு பாதி அதிலேயே நின்றுபோகும்.

வாஷிங் பவுடர் போட்டு டென்ட்டைத் தேய்த்தேன் என்று நீ சொன்னபோது எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. துணிமேல் இருக்கிற நீர் விலக்கும் பூச்சை சோப்பு கெடுத்துவிடும். மிச்சமாக ஒட்டியிருக்கிற சோப்பு தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார். சேப்பங்கிழங்கு இலையில் ஓடுகிற மாதிரி உருண்டு ஓடினால் பூச்சு இருக்கிறது. துணி கறுத்து உறிஞ்சினால் போய்விட்டது. பச்சைத் தண்ணீரால் நுரை வராத வரைக்கும் அலசி, காயவைத்து, கேன்வாஸுக்கென்று விற்கிற நீர்க்காப்பு மருந்தை ஒரு மூலையில் தடவிப் பார்த்துவிட்டு முழுசுக்கும் பூசுங்கள். மேலே போடுகிற மழைத்துணி வேறு ஜாதி. அதன் உள்பூச்சு பிசுபிசுத்துத் தோல் தோலாக உரிய ஆரம்பித்தால் எந்த மருந்தாலும் திரும்ப வராது, அந்தத் துணியைத்தான் மாற்ற வேண்டும்.

பூஞ்சணத்தை நினைத்தால் இன்னும் எனக்குப் பழைய வலி வருகிறது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ஐப்பசி அடைமழையில் 11 படுதாவை அவசரத்தில் ஈரத்தோடு மடித்து குடோனில் அடுக்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் எள்ளைக் கொட்டிய மாதிரி கறுப்புப் புள்ளி. கையால் இழுத்தால் துணி நைந்து வந்தது. அந்த மாதம் வீட்டு வாடகையைக் கடன் வாங்கித்தான் கொடுத்தேன். அதிலிருந்து ஈரத் துணியை மடித்தால் என் கை தானாக நின்றுவிடும். நீங்கள் ஞாயிறு காலை பனி ஈரத்தோடு டென்ட்டை மூடிக்கொண்டு வந்து, அடுத்த பயணம்வரை அப்படியே விடுகிறீர்கள். ஈரமாக மூட நேர்ந்தால் தப்பில்லை, 24 மணி நேரத்துக்குள் விரித்துக் காயப்போட வேண்டும். மெத்தையை வெளியே எடுத்து மடிப்புகளை விரித்துவிடு. மூலை முடுக்கெல்லாம் கையால் தொட்டுப் பார். துணி காய்ந்த மாதிரி தெரிந்தாலும் தையல் மடிப்பில் ஈரம் நிற்கும்.

ஏற்கெனவே புள்ளி வந்திருந்தால் வெளியில் வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடு. பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, வெயிலில் காயவை. பிளீச் போடாதே. கறை போகும், கூடவே நூலின் உயிரும் போகும். வினிகரால் பூஞ்சணம் வளர்வது நின்றாலும் கறை கொஞ்சம் தங்கத்தான் செய்யும், இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி அடுத்த மாதப் பயணம். தென் ஆஸ்திரேலியாவில் மாரீயிலிருந்து மார்லா வரைக்கும் ஊட்னடாட்டா பாதையில் 620 கிலோமீட்டர், எல்லாம் மண் ரோடு என்றாய். பெரும்பகுதி 1980 வரைக்கும் பழைய கான் ரயில் ஓடிய வழி என்று மாப்பிள்ளை மேப்பில் காட்டினார். பார்க்க வேண்டிய இடம்தான், போய் வாருங்கள். ஆனால் அந்த ரோடு தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும். அந்த அதிர்வு நட்டைத் தானாகக் கழற்றும். நம்ம ஊர் டிரைவர்கள் டீக்கடையில் நிறுத்தினதும் வீல் நட்டைத் தட்டிச் சத்தம் கேட்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய் இல்லையா? டென்ட்டை வண்டிக் கூரைமேல் இருக்கிற கேரியரில் பிடித்திருக்கிற நட்டுக்கும் அதே மரியாதை வேண்டும்.

உன் நெயில் பாலிஷை எடு. ஒவ்வொரு நட்டையும் டென்ட் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு, போல்ட் முனையிலிருந்து நட்டைக் கடந்து பக்கத்துத் தகடு வரைக்கும் ஒரே கோடு இழு. நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். சாவி போட்டுச் சோதிக்கத் தேவையில்லை, ஏணியில் ஏறும்போது கண்ணாலேயே பார்த்துவிடலாம். மண் ரோட்டில் ஏறி முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பார், அப்புறம் தினமும் சாயங்காலம் பார். நட்டுக்குள் நைலான் வளையம் இருந்தால் நாலைந்து முறை கழற்றி மாட்டிய பிறகு பிடிப்பு போய்விடும், புதுசு போடு. கேரியரைக் கூரையோடு பிடித்திருக்கிற இடங்களையும் விட்டுவிடாதே.

டென்ட்டுக்குப் பக்கத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு கட்டப்போகிறோம் என்றாயே, அது வேண்டாம். இரண்டும் சேர்ந்து 40 கிலோ. டென்ட் 60 கிலோவுக்கு மேல் இருக்கும், கேரியர் எடை தனி. வண்டிப் புத்தகத்தில் கூரை தாங்குகிற எடை என்று ஒன்று போட்டிருக்கும், பல வண்டிகளுக்கு அது 75 கிலோவிலிருந்து 100 கிலோவுக்குள்தான். அது வண்டி ஓடும்போது தாங்குகிற கணக்கு. நின்றுகொண்டிருக்கும்போது அதைவிடப் பல மடங்கு தாங்கும், அதனால்தான் நீங்கள் இரண்டு பேரும் மேலே படுக்க முடிகிறது. மண் ரோட்டுக்கு ஓடும் கணக்கையும் குறைத்தே பிடிக்க வேண்டும். தண்ணீரைக் கீழே, பின்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டுங்கள். தலையில் பாரம் கூடினால் வளைவில் வண்டி சாய்கிற சாய்ப்பே வேறு. அதை லாரிக்காரர்கள் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன்.

அங்கே செம்மண் தூசி ஜிப்பில் ஏறும். இறுகினால் வேகமாக இழுக்காதே, பல் விட்டுப்போகும். பழைய டூத் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, மெழுகுவர்த்தியைப் பல் மேல் இரண்டு முறை தேய். எண்ணெய், கிரீஸ் போட்டால் தூசி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மூடும்போது ஒரு கையால் இரண்டு பக்கத் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழு. ஜிப் போட்ட பின்னாலும் பல் பிரிந்தால் ரன்னர் தேய்ந்திருக்கிறது. அதன் பின்பக்க விளிம்பை இடுக்கியால் மெதுவாக நெருக்கினால் கொஞ்ச நாள் ஓடும்.

ஏணி விஷயம் சின்னதுதான். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற டென்ட்டின் பாதித் தளத்தைத் தாங்குவதே அந்த ஏணிதான். தளம் மட்டமாக வருகிற மாதிரி நீளத்தை வைத்துப் பூட்டு. கால் மணலில் புதைந்தால் கீழே ஒரு பலகை போடு. தளம் தொங்கினால் கீல் வளையும், அதைச் சரிசெய்வது கஷ்டம். காற்றடித்தால் வாசலைக் காற்றுக்கு முதுகு காட்டுகிற மாதிரி வண்டியை நிறுத்துங்கள். நீட்டின மழைத்துணியை மடித்துவிட்டால் படபடப்பு அடங்கும். பெரிய காற்றென்றால் டென்ட்டை மூடிவிட்டு வண்டிக்குள் படுங்கள்.

உனக்கு ஒரு பார்சல் போட்டிருக்கிறேன். மெழுகு பிடித்த நூல் ஒரு கண்டு, வளைந்த ஊசி இரண்டு, ஒரு முழம் கேன்வாஸ், வலை கிழிந்தால் ஒட்டுப்போடக் கரூர் கொசுவலைத் துணி கொஞ்சம். அம்மா கொள்ளும் வைக்கச் சொன்னாள். விதை, பயறு எல்லாம் அங்கே எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று நீ சொன்னதைச் சொல்லி எடுத்துவிட்டேன், மனசில்லாமல்தான் ஒத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தும்போது அந்த நெயில் பாலிஷ் கோட்டை ஒரு போட்டோ எடுத்து வை. சிக்னல் கிடைக்கிற ஊர் வந்ததும் அனுப்பு. எந்நேரமானாலும் பரவாயில்லை, போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா