மெதுவாகச் சுற்றும் இறக்கைகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாளாமே, என் ஆசிகளைச் சொல்.

கண் தெளிந்ததும் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சோம்பலாகச் சுற்றுவது என்ன மின்சாரம் தரப்போகிறது?" என்று கேட்டிருக்கிறாய். 60 மீட்டர் நீள இறக்கை நிமிடத்துக்கு 12 முறை சுற்றினாலே அதன் நுனி மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பதால்தான் சோம்பலாகத் தெரிகிறது.

காற்று இறக்கையை வெறுமனே தள்ளுவதும் இல்லை. விமான இறக்கையைப் போன்ற அதன் வடிவத்தால் ஒரு பக்கம் அழுத்தம் குறைய, அந்தப் பக்கமாக இழுபட்டுச் சுழல்கிறது. கியர் பெட்டி அந்தச் சுழற்சியைப் பல மடங்கு வேகமாக்கி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது. மற்றதெல்லாம் பள்ளியில் படித்த காந்தமும் கம்பிச்சுருளும்தான்.

என்னை வியக்க வைப்பது வேறு கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. பாதியானால் எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. காற்றாலையின் பெருமை, தலைவலி இரண்டுக்கும் காரணம் இதுதான். கோபுரத்தை இவ்வளவு உயரமாகக் கட்டுவதும் மேலே காற்று வேகமாக வீசுவதால்தான். இருந்தும் முழு ஆற்றலையும் கறந்துவிட முடியாது. அப்படிக் கறந்தால் காற்று அங்கேயே நின்று, பின்னால் வருவதற்கு வழிவிடாது. அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் என்று ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919இல் கணக்கிட்டார்.

நொடிக்கு மூன்று நான்கு மீட்டருக்குக் கீழே காற்று தளர்ந்தால் உற்பத்தி இல்லை. 25 மீட்டரைத் தாண்டிப் புயலாக வீசினால், உடையாமலிருக்க இறக்கையைத் திருப்பி நிறுத்திவிடுகிறார்கள். அதனால் 2 மெகாவாட் திறன் என்றால் எப்போதும் 2 மெகாவாட் வரும் என்று எண்ணாதே. நிலத்தில் ஆண்டுச் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல இடம். மீதிக்கு அணையோ, பேட்டரியோ, வேறு மின்நிலையமோ துணை நிற்க வேண்டும். காற்றாலையை வானளாவப் புகழ்கிறவர்கள் இந்தச் செலவைச் சொல்வதே இல்லை.

பறவைகள் அடிபடுவது உண்மை. நார்வேயின் ஸ்மோலா தீவில் சில காற்றாலைகளில் தலா ஓர் இறக்கைக்கு மட்டும் கறுப்பு வண்ணம் அடித்ததில் பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. நான்கே காற்றாலைகளில் செய்த சோதனை என்பதால் நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. கண்ணாடி இழையும் பிசினும் கலந்த பழைய இறக்கைகளை மறுசுழற்சி செய்வதும் கடினம்.

ஆனாலும் எரிபொருள் வேண்டாம், புகை இல்லை, குளிர்விக்கத் தண்ணீர் தேவையில்லை. கோபுரங்களுக்கு இடையே விவசாயமும் நடக்கும். செய்வதற்குச் செலவான ஆற்றலை ஏறக்குறைய ஓராண்டிலேயே திருப்பித் தந்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

உன் மருமகன் மின்துறையில்தானே இருக்கிறார்? காற்று திடீரென்று விழுந்துவிட்டால் முதலில் எந்த மின்நிலையத்தை முடுக்குகிறார்கள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
ராமநாதன்